மாதிரி எண் பதினான்கு

சென்ற மாதம் ராஜாங்கம் காரைக்குடிக்கு வந்திருந்தார். துறையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவர். அந்த நாற்காலியின் ஆட்டத்தைச் சரிசெய்யாமலேயே ஓய்வும் பெற்றவர். இப்போது, கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் நிறுவனம் ஒன்றுக்கு ஆலோசகர். கையில் ஒரு விளம்பரத்தாள் கொண்டுவந்தார். அதில் ஒரு பெண் காற்று உருளையை முதுகில் மாட்டிக்கொண்டு, துருப்பிடித்த கப்பலின் சன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறாள். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவளைப் போல அவ்வளவு ஆர்வம்.

“சார், பயணிகளுக்குக் குடுக்குற புத்தகத்துல நெறிமுறை பத்தி ஒரு கட்டுரை வேணும். மூழ்கின கப்பலுக்குள்ள எப்படி நடந்துக்கணும், எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது. ஒங்களை விட்டா யாரு எழுதுவாக?”

“வேறு யாரையும் கேட்கவில்லையா?”

“கேட்டோம் சார். முடியாதுன்னுட்டாக.”

இப்படி மனம் குளிரப் பேசுவது அவருக்குப் பழைய வழக்கம். காப்பி குடித்து முடித்து, செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். “அப்புறம் சார், தொண்டிப் பக்கம் அந்தக் ‘கப்பல் பார்’ எங்க கெடக்குன்னு தெரிஞ்ச பழைய ஆளுகள்ள இன்னிக்கி நீங்க மட்டும்தான் மிச்சமாம். கட்டுரைக்கு அவசரமில்லை. இடத்தை மட்டும் இப்பவே சொல்லிட்டீகன்னா நல்லது.”

கட்டுரையின் கடைசியில் இடத்தைச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். ஆகவே ராஜாங்கம் இதை முழுவதும் படித்தாக வேண்டும். பணிக்காலத்தில் என் குறிப்பு எதையும் அவர் இரண்டாம் பக்கம் திருப்பியதில்லை.

கடல் எனக்குக் குலத்தொழில் அல்ல. காளையார்கோவிலுக்குப் பக்கத்தில் வானம் பார்த்த நிலம் எங்களுடையது. எங்கள் பக்கம் தண்ணீரைப் பார்க்க ஊருணிக்குப் போகவேண்டும். ஊருணியில் தண்ணீரைப் பார்க்க ஐப்பசி வரை காத்திருக்கவேண்டும். காரைக்குடியில் தங்கி விலங்கியல் படித்தேன். தவளையை ஒழுங்காக அறுத்ததற்காக வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து, அறுபதுகளின் நடுவில் அரசாங்கம் என்னைக் கடலடி ஆய்வாளராக நியமித்தது. கடற்கரையில் பிறந்து, நடக்கும் முன்பே மூழ்கப் பழகிய காதர் மைதீனைத் தினக்கூலிச் சங்கு குளிப்பவராக வைத்துக்கொண்டது. இதில் பிழை ஏதும் இல்லை. அவர் தவளை அறுத்ததில்லை.

மூன்று மாதப் பயிற்சி. முதல் மாதம் கரும்பலகையில் கடல். இரண்டாம் மாதம் தொட்டியில் கடல். மூன்றாம் மாதம் கடலில் கடல், வாந்தியோடு. பிறகு தொண்டிக் கரையில் இரண்டு அறை அலுவலகம். சங்கு எங்கே எவ்வளவு கிடக்கிறது என்று கடலடியில் போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை.

அந்தக் காலக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இப்போதுபோல மீதமுள்ள காற்றைக் காட்டும் முள் எல்லாம் எங்களுக்கு இல்லை. முதுகில் உருளை, அதன் பக்கவாட்டில் ஒரு கம்பி. காற்று குறையும்போது மூச்சு இழுக்கக் கனக்கும், ஈரத்துணி வழியாக இழுப்பதுபோல. அப்போது கையைப் பின்னால் விட்டுக் கம்பியைக் கீழே இழுத்தால், ஒதுக்கி வைத்த ஐந்து நிமிடக் காற்று திறக்கும். அந்த ஐந்து நிமிடம் மேலே வருவதற்கு மட்டும். கம்பி வலையிலோ கயிற்றிலோ பட்டு, நமக்குத் தெரியாமல் ஏற்கெனவே இறங்கியிருந்தால், ஒதுக்கிய காற்றையும் நாம் சாவதானமாகச் செலவழித்திருப்போம். அதனால்தான் விதி: இறங்குமுன் கம்பி மேலே இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார், அடியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார். உருளையில் காற்று அடைத்தபின் கொஞ்சம் திறந்து முகர்ந்து பார். எண்ணெய்ப் புகை நாறினால் கொட்டிவிடு. மேலே வரும்போது உன் மூச்சுக் குமிழியை நீயே முந்தாதே, வாயை மூடாதே. எப்போதும் ஜோடியாக இறங்கு.

கடைசி விதியில் ஒரு சிறு சிக்கல் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் கருவி ஒன்றுதான். ஆகவே பதிவேட்டில் “ஜோடி” என்ற கட்டத்தில் “காதர் மைதீன், மேற்பரப்பில்” என்று எழுதுவோம். நான் அடியில் செத்தால், மேற்பரப்பில் ஜோடி இருந்ததற்கு ஆதாரம் இருக்கும்.

ஆதாரம் என்றதும் என் மேலதிகாரி நினைவுக்கு வருகிறார். உதவி இயக்குநர் வரதராஜன். பட்டணத்துக்காரர். படகிலும் காலுறையும் பூட்சும் போட்டு, குடை பிடித்து உட்காருவார். கடல் நீர் அவர்மேல் பட்டதே இல்லை. அலைகள்கூட அவருடைய அந்தஸ்தை மதித்து ஒதுங்கின. இடது கையில் மூக்குப்பொடி, வலது கையில் பச்சை மை பேனா. எதைச் சொன்னாலும் “ஆதாரம்?” என்பார். நேரத்தை மிச்சப்படுத்துவதில் நிபுணர்; நான் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே மூழ்கல் பதிவேட்டில் முக்கால்வாசி எழுதி முடித்திருப்பார். நான் மேலே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, நான் கண்டது என்ன என்பதைப் படித்துக் கையெழுத்துப் போடுவேன்.

அடையாளம் காணும் பொருட்டு மாதிரிகள் சேகரிக்கலாம் என்று துறை விதி ஒன்று உண்டு. அவர் அதை ஊன்றிப் படித்தவர். வீட்டில் கண்ணாடி அலமாரி நிறைய மாதிரிகள் இருந்தன. அடையாளம் காணும் பணி அங்கே வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், வெளியூர் மீனவர்கள் சிலர் வலை கிழிந்ததாக மனுக் கொடுத்தார்கள். கீழே ஏதோ கிடக்கிறது என்றார்கள். உள்ளூர்க்காரர்கள் வலை கிழிந்ததாக மனுக் கொடுத்ததே இல்லை, ஏனென்றால் அங்கே அவர்கள் வலை போட்டதே இல்லை. கடலடிப் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். இதை அவர்கள் கப்பல் பார் என்றார்கள். ஜப்பான் சண்டைக்காலத்தில் ரங்கூனிலிருந்து ஆளும் சாமானுமாகப் புறப்பட்ட ஒரு பாய்மரக் கப்பல், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் புயலில் போனது என்று கேள்வி. ஏறியவர்களின் பட்டியல் எதுவும் கரைக்கு வரவில்லை, ஏறியவர்களும் வரவில்லை.

கரையில் தெரியும் மூன்று அடையாளங்களை ஒன்றோடொன்று நேராக வைத்துப் பார்த்தால் இடம் அடிபிசகாமல் கிடைக்கும். காதர் கொண்டுபோய் நிறுத்தினார். நங்கூரம் போட்டார். அதன்பின் அசையவில்லை.

“நீங்களும் ஒரு முங்கு முங்கிப் பார்ப்பதுதானே, காதர்?”

“அங்குட்டு நான் எறங்க மாட்டேன் சார். அது மய்யித்துக் கெடக்குற எடம். சங்கு எடுக்கத்தான் எனக்குக் கூலி. கபுருக்குள்ள கையை விடுறதுக்கு இல்லை.”

வரதராஜன் பதிவேட்டிலிருந்து தலையை எடுக்காமல், “பிணமாவது, புதைகுழியாவது. மூட நம்பிக்கை” என்றார். “மனித எச்சம்” என்ற கட்டத்தில் பச்சை மையால் “இல்லை” என்று எழுதி முடித்திருந்தார்.

“இன்னும் நான் இறங்கவில்லையே சார். இருந்தால்?”

“இருந்தால் போலீஸ் வரும். விசாரணை வரும். ரிப்போர்ட் மூன்று இலாகாவுக்குப் போகும். ஆகையினால் இல்லை, மிஸ்டர் சவரிமுத்து.”

இப்போது, அந்த விளம்பரத்தாள் பெண்ணின் ஆர்வம் எனக்குப் புரியாமல் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்; அந்தக் கப்பல் ஆறு பாகத்தில் கிடந்தது. பாதி வரை பச்சை. அதற்குக் கீழே நீர்மோர் நிறம். கண் பழகியதும், சேற்றிலிருந்து கப்பலின் வளைமரங்கள் இரண்டு வரிசையாக எழுந்து நின்றன. நடுவில் ஒரு வீடு. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக எனாமல் சட்டிகள். மூடி திறக்காத பீங்கான் ஜாடிகள். பக்கவாட்டில் சாய்ந்த பித்தளை அண்டா. அண்டாவுக்குள் ஒரு களவா மீன், வாடகை பாக்கிக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. சத்தமே இல்லை. என் மூச்சு மட்டும். உள்ளே வா என்று சொல்ல ஆளில்லாத வீட்டில், வெளியே போ என்று சொல்லவும் ஆளில்லை. அந்தச் சுகத்தைக் கள் என்றும் சொல்லலாம், களவு என்றும் சொல்லலாம். முதல் நாள் நான் அதை அறிவியல் என்று சொல்லிக்கொண்டேன்.

நான்கு நாளில் பதின்மூன்று மாதிரிகள் மேலே வந்தன. கூஜா, தாம்பாளம், அடுக்குச் சட்டி, குத்துவிளக்கின் தலை. வரதராஜன் ஒவ்வொன்றையும் குடை நிழலில் வைத்துத் தடவினார். கடல் ஆய்வில் அவருக்கு இவ்வளவு ஈடுபாட்டை நான் கண்டதில்லை.

ஐந்தாம் நாள் சாமான்களைத் தாண்டி, கப்பலின் பின்புறம் போனேன். சேற்றில் ஏதோ மஞ்சளாக நுனி காட்டியது. பித்தளைச் சாவி, ஒரு சாண் நீளம், தலைப்பில் மூன்று வளையம். பிடித்து இழுத்தேன், வரவில்லை. கறுத்துப்போன சங்கிலித் துண்டு ஒன்றில் கோத்திருந்தது. சேற்றை விலக்கினேன். அப்போது மூச்சு கனத்தது. கையைப் பின்னால் விட்டுக் கம்பியைத் தேடினேன். கம்பி கீழே இருந்தது. எப்போது வலையில் பட்டு இறங்கியதோ தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கும் விதி எனக்கு மனப்பாடம், ஆனால் அந்தக் காலை நான் இருபது நிமிடமாகத் தொட்டதெல்லாம் பாத்திரங்களை. இழுப்பதற்கு இன்னும் இரண்டு மூச்சு இருக்கலாம்.

அந்த நிலையில் விதிப்படி செய்யவேண்டியது ஒன்றுதான்: கையில் இருப்பதை விட்டுவிட்டு மேலே வா. ஒவ்வொரு விதியும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்றால், சாவியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினேன். அது வந்தது. வரும்போது, அது கோத்திருந்த சங்கிலியும், சங்கிலி சுற்றியிருந்ததும் சேற்றில் ஒரு கணம் எழுந்து, மறுபடி படிந்தன. வளைந்த, அகன்ற, வெளுத்த ஒன்று. விலங்கியல் படித்தவனுக்கு இடுப்பெலும்பு எது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. பவளக் கொம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை விட்டபடி மேலே வந்தேன்.

காதர் என்னைத் தூக்கிப் படகில் போட்டார். என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார். “மீனுக்கு வாய் பெருசு, மாட்டுது. ஒங்களுக்குக் கை பெருசு சார்,” என்றார்.

வரதராஜன் எழுதினார்: மாதிரி எண் 14. பித்தளைத் துண்டு. கிடந்த இடம்: மணல். பயன்: தெரியவில்லை.

“சார், அது சாவி.”

“சாவி என்று எழுதினால் பூட்டு எங்கே என்று தணிக்கையில் கேட்பார்கள். உம்மிடம் பூட்டு இருக்கிறதா? கையெழுத்துப் போடும்.”

போட்டேன். மனித எச்சம் இல்லை என்பதற்கும் சேர்த்து.

கடலில் கண்டெடுத்த பொருளை உரியவர் ஓராண்டுக்குள் ஆதாரத்தோடு கேட்கலாம் என்பது சட்டம். வரதராஜனுக்கு ஓராண்டு அதிகமாகப்பட்டது. உரியவர் யாரென்று கண்டுபிடித்து, “உரிமை கோரவில்லை” என்று ஒரு கடிதம் வாங்கிவிட்டால் மாதிரிகளை நிம்மதியாக அடையாளம் காணலாம். நான் அந்தப் பக்கத்துக்காரன் என்பதால் என்னை அனுப்பினார். கண்டுபிடிப்பதும் கடினமில்லை. செட்டிநாட்டு வீடுகளில் கரண்டி வரைக்கும் பெயர் வெட்டாமல் அடுப்படிக்குள் விடமாட்டார்கள். முழுப் பெயர் அல்ல, பாட்டன் பூட்டன் வரைக்குமான முதலெழுத்துகளின் வரிசை. கூஜாவின் கழுத்திலும் தாம்பாளத்தின் அடியிலும் அப்படி ஐந்தெழுத்து இருந்தது. காரைக்குடியில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டும் ஒருவரிடம் எழுதிக் காட்டினேன். “கோட்டையூர். கீழ வீதியில மூணாவது வீடு,” என்றார், நிமிரக்கூட இல்லை.

கூஜாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். உமையாள் ஆச்சிக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். வாசலை அடுத்த முதல் கட்டில் பாயைப் போட்டு உட்காரச் சொன்னார். கூஜாவை வாங்கி, எழுத்தின்மேல் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

“இது எங்குட்டுக் கெடந்துச்சு தம்பி?”

சொன்னேன். கூஜாவை மடியில் வைத்துக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரவுக கடைசியாக் காயிதம் போட்டு இருபத்தேழு வருசம். ‘சாமானைக் கப்பல்ல ஏத்துறேன், முடிஞ்சா நானும் வாரேன்’னு எழுதியிருந்தாக. அதுக்கப்புறம் ஒண்ணுமில்லை. ரங்கூன்லேருந்து நடந்து வந்தவுகள்ள ஒருத்தர் சொன்னாரு, அவுக அங்க ஒரு பர்மாக்காரி வீட்டுல இருக்காகன்னு. ஊரே அதைப் பிடிச்சுக்கிருச்சு. சாவு வீட்டுக்குப் போனாலும் சரி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, ‘ரங்கூன்காரர் காயிதம் போட்டாரா’ன்னு ஒருத்தி கேப்பா, இன்னொருத்தி சிரிப்பா.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். “சாமான் ஏறுனது தெரிஞ்சுபோச்சு. ஆள் ஏறுனாகளா இல்லையா?”

தெரியாது என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சரளமாக நான் பொய் சொன்னதில்லை. இரண்டு வாரம் முன்பே கையெழுத்துப் போட்டுப் பழகியிருந்ததால் இருக்கலாம்.

பேச்சை மாற்றுவதற்காக, பட்டியலைப் படித்துக் காட்டிக் கடிதம் வாங்கும் வேலையைத் தொடங்கினேன். பதின்மூன்று வரை தலையாட்டினார்.

“பதினான்கு. பித்தளைத் துண்டு ஒன்று. பயன் தெரியவில்லை.”

“துண்டுன்னா? எம்புட்டு நீளம்?”

கையை விரித்து ஒரு சாண் காட்டினேன்.

“தலைப்பக்கம்?”

“மூன்று வளையம்.”

ஆச்சி எழுந்துவிட்டார். பின்னாலேயே வரச் சொன்னார். நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்பது அந்த வீடுகளின் கணக்கு. வடகோடியில் ஓர் அறைக்கதவு மட்டும் மெருகு போய், மூடிய நிலையிலேயே மங்கியிருந்தது. பூட்டுத் துவாரத்தில் தூசி அடைத்திருந்தது.

“இது எங்க அறை. கப்பலேறப் போகயில பூட்டிக்கிட்டு, சாவியை இடுப்புல வெள்ளி அரைஞாண்ல கோத்துக்கிட்டாக. ‘நான் வந்துதான் திறப்பேன், அதுவரைக்கும் ஒரு பய உள்ள போகக் கூடாது’ன்னாக. கொல்லனைக் கூப்பிட்டா அஞ்சு நிமிச வேலைதான். பங்காளிக எத்தனையோ தடவை கேட்டாக. நான் விடலை. என் சீதனம் முச்சூடும் உள்ள கெடக்கு. இருபத்தேழு வருசமா நான் கூடத்துல படுக்குறேன்.” என் கையிலிருந்த பட்டியலைக் காட்டினார். “பயன் தெரியலையா ஒங்களுக்கு?”

வேண்டிய கடிதம் கிடைக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, அதற்கு நேர்மாறான ஒரு மனுவை நானே எழுதினேன்: மாதிரி எண் 14 தம்முடையது, உரிமைக்கு ஆதாரம், பூட்டு. விதிப்படி பொறுப்பு அதிகாரி நேரில் வந்து, சாட்சிகள் முன்னிலையில் சோதித்துப் பார்க்கவேண்டும். ஒரு நகல் மேலிடத்துக்கும் அனுப்பினேன். வரதராஜன் மனுவை மூன்று முறை படித்தார். மூன்று இடத்தில் பொடி போட்டார். விதியை மீறும் ஆய்வாளரைத் தண்டிக்கலாம். விதியைக் காட்டும் ஆய்வாளரை அவர் என்ன செய்வது?

“இதற்குத்தான் சாவி என்று எழுதவேண்டாம் என்றேன்,” என்றார்.

கோட்டையூரில் வாசலிலேயே பூட்சைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். காலுறையோடு அந்த வழவழப்பான தரையில் வரதராஜன் நடந்த நடையைக் கடலில்கூடப் பார்த்ததில்லை. சாவி இப்போது புளிபோட்டு விளக்கிப் பளபளவென்று இருந்தது. அதுவரை வரதராஜனின் கண்ணாடி அலமாரியில் நல்ல இடத்தில் தொங்கியிருக்கிறது. சாட்சிக்குக் காதரும், ஆச்சியின் பங்காளி சொக்கலிங்கமும் நின்றார்கள். பூட்டுக்குள் முந்தின நாளே தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள்.

வரதராஜன் சாவியை நீட்டிக்கொண்டு போனார். “இங்குட்டுக் குடுங்க,” என்றார் ஆச்சி. “என் அறை.”

முதல் திருப்பில் அசையவில்லை. சாவியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, இடது கையால் கதவைத் தன் பக்கம் அழுத்திக்கொண்டு மறுபடி திருப்பினார். அந்தக் கதவின் குணம் அவருக்கு மறக்கவில்லை. உள்ளே ஏதோ கனமாக நகர்ந்து விழுந்த சத்தம் கேட்டது. கதவு ஒரு விரற்கடை விலகியது.

சொக்கலிங்கம் தொண்டையைக் கனைத்தார். “சாவி வந்துருச்சு, சரி. அதுனால ஆளு வந்ததா ஆயிருமா? பெட்டியில போட்டு, சாமானோட அனுப்பியிருப்பான். அவன் அங்குட்டுச் சொகமா இருந்திருப்பான்.”

“பதிவேட்டிலே மணல் என்று இருக்கிறது,” என்றார் வரதராஜன் அவசரமாக. “பெட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை.”

ஆச்சி இருவரையும் பார்க்கவில்லை. “தம்பி, நீங்கதான் எடுத்தீக. பெட்டியில இருந்துச்சா, இடுப்புல இருந்துச்சா?”

அந்தக் கேள்வியின் கனம் அங்கே எல்லோருக்கும் தெரியும், அவருக்கு எல்லோரையும்விட. பெட்டி என்றால், கணவன் கைவிட்ட சுமங்கலியாக மிச்ச நாளும் போகும். இடுப்பு என்றால், கணவர் அவரைத் தேடித்தான் புறப்பட்டார். தாலி அந்த நிமிடத்தோடு முடிந்தது. எனக்கோ, பெட்டி என்றால் பதவி உயர்வு. இடுப்பு என்றால் பொய்ப் பதிவு.

காதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இடுப்பில் ஆச்சி,” என்றேன். “சங்கிலியில் கோத்திருந்தது. நான்தான் பிடுங்கினேன். அறிக்கையில் மறைத்துவிட்டேன்.”

ஆச்சி சொக்கலிங்கத்தின் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கிட்டீகளா? ரங்கூன்ல இல்லையாம்.”

பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் கூடத்தில் நின்றோம். அழுகைச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். பாத்திரங்களை நகர்த்தும் சத்தம்தான் கேட்டது, ஒன்றுவிடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. வரதராஜன் மெல்ல, “ரசீது ஒன்று வேண்டும்” என்றார்.

ஆச்சி வெளியே வந்தபோது, கழுத்தில் இருந்த தாலி கையில் இருந்தது. அதையும் சாவியையும் ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தார்.

“எங்க எடுத்தீகளோ அங்கயே வச்சிருங்க. இனி இந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை. மத்த சாமானெல்லாம் ஒங்க சாரே வச்சுக்கட்டும். ஆசைப்படுறாரு.”

அலுவலகத்துக்குத் திரும்பியதும் திருத்திய அறிக்கை ஒன்று எழுதினேன். வரதராஜன் அதைத் திருப்பி அனுப்பினார். முதல் அறிக்கையில் பொய்க் கையெழுத்திட்டதற்காக, அந்த அறிக்கையைத் தன் கையால் எழுதியவரே எனக்குக் குற்றக் குறிப்பாணை கொடுத்தார், பச்சை மையில். அதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. மூன்று ஆண்டு பதவி உயர்வு நின்றது. நியாயம்தான், கையெழுத்து என்னுடையது. அவர் எழுபதுகளில் கௌரவமாக ஓய்வு பெற்றார். சில வருடம் கழித்துக் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் மாதிரி எண் மூன்றைப் பார்த்தேன். அடையாளம் காணும் பணி ஒருவழியாக முடிந்திருந்தது.

துணி முடிச்சோடு மறுவாரமே கடலுக்குப் போனோம், வரதராஜன் இல்லாமல். கம்பி மேலே இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். நிமிர்ந்தால், காதர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இறங்கமாட்டேன் என்றீர்களே?”

“எடுக்க எறங்க மாட்டேன்னுதான் சொன்னேன். வைக்க வாரேன்.”

கருவி ஏதும் இல்லாமல், ஒரே மூச்சில், ஆறு பாகம் என்னோடு வந்தார். நான் சேற்றை விலக்க, முடிச்சை அவர்தான் வைத்தார். சேறு மறுபடி படியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேலே போனார். அன்றைய பதிவேட்டை நானே எழுதினேன். மனித எச்சம்: உண்டு. எடுத்தது: இல்லை. வைத்தது: ஒன்று, பயன் தெரியும். ஜோடி: காதர் மைதீன், கடலடியில். அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதிய ஒரே நாள் அது.

ராஜாங்கத்தின் பயணிகளுக்கு நெறிமுறை சொல்லவேண்டும். எதையும் தொடாதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் நான் தொட்டதால்தான் ஒரு பெண்ணுக்கு, தன்னைத் தேடித்தான் ஒருவர் புறப்பட்டார் என்று தெரிந்தது. தொடுங்கள் என்று சொல்லலாம். ஆனால் நான் ஒரு செய்தியைக் கொண்டுவர இறங்கவில்லை, பளபளப்பைப் பார்த்துக் கையை நீட்டினேன். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விதி செய்ய இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், வரவில்லை. அந்தக் கைமேல் எனக்கு இன்றும் நம்பிக்கை இல்லை. உங்கள் கைகளை எனக்குத் தெரியவே தெரியாது.

இடத்தைக் கடைசியில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கப்பல் பார் எங்கே இருக்கிறது என்பது எனக்கு மறந்துவிட்டது. வயதாகிவிட்டது, மூன்று அடையாளங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. ஆதாரம் கேட்பவர்களுக்காக இதையே எழுதி, கையெழுத்திட்டு, மூன்று நகல்களும் இணைத்திருக்கிறேன். அந்தக் கப்பலைப் பற்றிய பொய்யான அறிக்கையில் கையெழுத்திடுவது எனக்கு இது இரண்டாவது முறை. இதைத் திருத்தும் எண்ணம் இல்லை.